கலப்புப் போரும் படுவான்கரையும்

இருபத்தோராம் நூற்றாண்டின் இராணுவ ஆய்வுகளிற் ‘கலப்புப் போர்’ என்னுந் தொடர் பெருவழக்குப் பெற்றுள்ளது. 2006 இல் லெபனானில் ஹிஸ்புல்லா இயக்கம் இஸ்ரேலை எதிர்கொண்ட முறையை ஆராய்ந்த அமெரிக்கரான ஃபிராங்க் ஹொஃப்மன் 2007 இல் இக்கருத்தை விரித்துரைத்தார். 2014 இல் ரஷ்யா சின்னமணியாத படையினரைக் கொண்டு கிறிமியாவைக் கைப்பற்றியபின், அரசுகளின் உத்தியையும் அது குறிக்கலாயிற்று. படைபலம், பொருளாதார நெருக்குதல், துணைப்படை, பரப்புரை, இராசதந்திரம் ஆகியவற்றை ஒரே நோக்கில் இணைத்தலே இதன் இலக்கணம். சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் உபாயங்களை அறிந்த நமக்கு இக்கலவை புதிதன்று. போருக்கும் சமாதானத்துக்கும் இடையிலான எல்லையை அழித்துவிடுவதே இன்றைய வடிவத்தின் சிறப்பியல்பு. மட்டக்களப்பின் அண்மைக்கால வரலாறு இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது.

மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை. மேற்கே வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. உன்னிச்சைக் குளம் படுவான்கரை வேளாண்மைக்கு நீரளிக்கும் பெருங்குளங்களுள் ஒன்று. நகரம், பெருஞ்சந்தை, கச்சேரி, பெரியாஸ்பத்திரி யாவும் மறுகரையில் உள்ளன. 1990களின் நடுப்பகுதியிலிருந்து படுவான்கரையின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் ஆட்சியில் இருந்தபோது, வாவியே போரின் எல்லையாயிற்று. உரம், எரிபொருள், சீமெந்து, பற்றரி ஆகியவை கரைகடப்பதை அரசு கட்டுப்படுத்தியது. இவை போருக்குப் பயன்படும் என்பது அது கூறிய காரணம். விளைவை அனுபவித்தவனோ விவசாயி. மறுபுறம், புலிகள் வரி அறவிட்டனர். பிள்ளைகளையும் படையிற் சேர்த்தனர்.

பேதமும் முன்னரே வேரூன்றியிருந்தது. 1990 ஆகஸ்ட்டிற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். செப்டெம்பரிற் சத்துருக்கொண்டானில் தமிழர் கொல்லப்பட்டனர். உன்னிச்சைப் பகுதி முஸ்லிம் குடும்பங்களும் அக்காலத்தில் இடம்பெயர்ந்தன. ஒரே குளத்து நீரை நம்பியிருந்த இரு சமூகங்கள் இவ்வாறு பிரிந்தன.

2002 பெப்ரவரி 22 இல் நோர்வேயின் அனுசரணையுடன் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2004 மார்ச்சிற் கருணா பிரிந்தார். ஏப்ரலில் வெருகலில் தமிழ் இளைஞரே ஒருவரையொருவர் கொன்றனர். அதன்பின் அவரது அணி அரச கட்டுப்பாட்டுப் பகுதியில் இயங்கியது. தொடர்பில்லை என அரசு மறுத்தது. ஆயினும், அவ்வணி சிறுவரைச் சேர்ப்பதற்குப் பாதுகாப்புப் படையினருள் ஒரு சாரார் துணைபோயினர் என ஐக்கிய நாடுகள் சபையின் விசேட ஆலோசகர் அலன் றொக் 2006 நவம்பரிற் குற்றஞ்சாட்டினார்.

இராசதந்திரக் களமும் உடன் இயங்கியது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றிய நாடுகளைச் சேர்ந்த கண்காணிப்பாளர் வெளியேற வேண்டுமெனப் புலிகள் வற்புறுத்தினர். கண்காணிப்புக் குழு மெலிந்தது. யூலையிற் புலிகள் மாவிலாற்றின் மதகை மூடினர். தண்ணீர் அவர்கள் கையிலும் ஆயுதமாயிற்று. அதனைத் திறக்கத் தொடங்கிய படையெடுப்புக்கு அரசு இட்ட பெயர் ‘மனிதாபிமான நடவடிக்கை’. ஒக்டோபரில் வடக்கு-கிழக்கு இணைப்புச் செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்த்தது. வழக்கிட்டது மக்கள் விடுதலை முன்னணியினர். ஆதலால் இத்தீர்ப்பைப் போர்த்திட்டத்தின் உறுப்பு என நாம் கூறமாட்டோம். எனினும், கிழக்கைத் தனியாக்கும் அரசியலுக்கு அது வழிசமைத்தது என்பதை மறுக்கவியலாது.

2007 சனவரியில் வாகரையும், மார்ச்சிற் கொக்கட்டிச்சோலையும், யூலையிற் குடும்பிமலையும் அரசின் வசமாயின. மட்டக்களப்பு மாவட்டத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அகதிகளாயினர். இவை நிகழ்ந்த காலம் முழுதும் போர்நிறுத்த உடன்படிக்கை சட்டப்படி நடைமுறையில் இருந்தது. அரசு அதிலிருந்து விலகியது 2008 சனவரியிலேயே. அதாவது, படுவான்கரையின் போர் தொடங்கி முடிந்தது ஏட்டளவிலான சமாதானத்தினுள். அடுத்து, ‘கிழக்கின் உதயம்’ என்னும் அபிவிருத்தித் திட்டமும், 2008 மே மாத மாகாணசபைத் தேர்தலும் வந்தன. கருணா அணியிலிருந்து உருவான கட்சியின் சந்திரகாந்தன் முதலமைச்சரானார்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் முடிபு யாது? தடை, பிளவு, தீர்ப்பு, தேர்தல், அபிவிருத்தி என ஒவ்வொன்றும் தனிப்பெயரில் வந்தமையால், ஒன்றிற்கும் போர் என்ற பெயரில் எவரும் பொறுப்பேற்கவில்லை. போர் எனப் பெயரிடப்படாத இழப்பு, போரிழப்பாகக் கணக்கிடப்படுவதுமில்லை. உரமின்றிக் குன்றிய விளைச்சலும், கைவிடப்பட்ட முஸ்லிம் குடியிருப்புகளும், படைக்குச் சென்று மீளாத பிள்ளைகளும் அத்தகையன. இவற்றை இருகரை மக்களின் வாய்மொழியிலிருந்து, இன வேறுபாடின்றிப் பதிவுசெய்தல் நமது ஆய்வாளர்முன் உள்ள கடமையாகும். அச்சாட்சியத்தை வழங்கக்கூடிய தலைமுறை மூப்பெய்தி வருகின்றது.