எலக்ட்ரான் கற்றையின் அடர்த்தி இரைச்சல்

துகள் முடுக்கியில் விரையும் எலக்ட்ரான் கற்றையில், எலக்ட்ரான்களின் எண்ணிக்கை இடத்துக்கு இடம் சற்றே கூடியும் குறைந்தும் இருப்பது அடர்த்தி இரைச்சல் எனப்படும். கட்டற்ற எலக்ட்ரான் லேசர்கள் பலவற்றில் எக்ஸ் கதிர் பிறக்க இதுவே வித்தாகிறது. துகள் கற்றைகளைக் குளிர்விக்கும் புதிய முறைகளுக்கோ இது தடையாகிறது. எனவே இதை அளந்தறிவது முடுக்கி இயற்பியலின் முக்கியப் பணிகளுள் ஒன்று.

தோற்றம்

மின்னோட்டம் தனித்தனி எலக்ட்ரான்களால் ஆனது என்பதால் இந்த ஏற்ற இறக்கம் தவிர்க்க இயலாதது. வால்டர் ஷொட்கி 1918இல் வெற்றிடக் குழாய்களை வைத்து இதை விளக்கினார். இது ஷாட் இரைச்சல் எனப்படுகிறது. 1 நானோகூலும் மின்னூட்டம் கொண்ட ஓர் எலக்ட்ரான் கொத்தில் சுமார் 624 கோடி எலக்ட்ரான்கள் உள்ளன. அவை 1 மில்லிமீட்டர் நீளத்தில் சீராகப் பரவியிருந்தால், 1 மைக்ரோமீட்டர் துண்டில் சுமார் 62 லட்சம் இருக்கும். ஏற்ற இறக்கம் அந்த எண்ணின் வர்க்கமூல அளவினது: ஏறத்தாழ 2,500, அதாவது 0.04 விழுக்காடு.

அளவிடும் முறை

1 மைக்ரோமீட்டர் துண்டு ஓர் இடத்தைக் கடக்க 3.3 ஃபெம்டோநொடியே ஆகும். மின்னணுக் கருவிகளால் இந்த வேகத்தைத் தொடர முடியாது. ஆகவே கற்றை உமிழும் ஒளியைக் கொண்டு அளக்கிறார்கள். கற்றை மெல்லிய உலோகத் தகட்டைக் கடக்கையில் நிலைமாற்றக் கதிர்வீச்சு எழுகிறது. அதில் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்தை வடிகட்டி ஒளி டையோடில் வாங்கினால், அதே நீள அளவில் உள்ள அடர்த்தி மாறுபாடு ஒளியின் ஆற்றலாக வெளிப்படும்.

பின்னர் கொத்தின் மின்னூட்டத்தை மாற்றி மாற்றி அளப்பார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று சாராதிருந்தால் ஒளி மின்னூட்டத்துக்கு நேர்விகிதத்தில் வளரும். அவை நுண்கொத்துகளாகத் திரண்டிருந்தால் அதைவிட வேகமாகப் பெருகும். ஒழுங்குற்றிருந்தால் ஷாட் இரைச்சலின் அளவுக்கும் கீழே இறங்கும். கற்றையின் குறுக்களவும் ஒளி பரவும் கோணமும் முடிவை மாற்றக்கூடியவை. அவற்றைக் கணக்கில் கொள்ளாத அளவீட்டை நம்ப முடியாது.

முக்கிய ஆய்வுகள்

கலிஃபோர்னியாவின் ஸ்லாக் ஆய்வகத்தில் எல்சிஎல்எஸ் என்னும் கட்டற்ற எலக்ட்ரான் லேசரை இயக்கத் தொடங்கியபோது, தகடுகளிலிருந்து எதிர்பார்த்ததைவிட மிக வலுவான ஒளி வந்தது. கற்றையின் வடிவத்தைப் படம்பிடிக்கவே அது இடையூறானது. நுண்கொத்தாதலே இதற்குக் காரணம். எலக்ட்ரான்களின் ஆற்றலைச் சற்றே சிதறடிக்கும் லேசர் சூடேற்றி அதைக் கட்டுப்படுத்த உதவியது.

எலக்ட்ரான்களின் பரஸ்பர விலக்கு விசை அடர்த்தி வேறுபாடுகளைச் சமன்செய்வதால், இரைச்சலைக் குறைக்கவும் முடியும். ஒளியின் அலைநீளங்களில் ஷாட் இரைச்சலுக்கும் கீழான நிலையை எட்டியதைக் காட்டும் சோதனை முடிவுகள் ஸ்லாக்கிலிருந்தும் ப்ரூக்ஹேவன் ஆய்வகத்திலிருந்தும் 2012இல் வெளியாயின.

பயன்

கற்றையைக் குளிர்விக்கும் புதிய முறைகளுள் ஒன்றான ஓரியல் எலக்ட்ரான் குளிர்வித்தலில், அயனிகள் எலக்ட்ரான் கற்றையில் பதிக்கும் மெல்லிய தடத்தைப் பெருக்கி அவற்றின்மீதே திருப்புவதே திட்டம். கற்றையின் சொந்த இரைச்சலும் கூடவே பெருகி அயனிகளைச் சூடாக்கும். இரைச்சல் ஷாட் அளவைப்போல் எத்தனை மடங்கு என்பது இம்முறை பலிக்குமா என்பதைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணிகளுள் ஒன்று. இல்லினாயின் ஃபெர்மி ஆய்வகம் தனது ஃபாஸ்ட் நேர்கோட்டு முடுக்கியில் இத்தகைய அளவீட்டை மேற்கொண்டது இந்தத் தேவையை முன்னிட்டே.