உங்க தோட்டத்து மண்ணுல ஈயம் இருக்கா? மண் வள அட்டை சொல்லாததைக் கண்டுபிடிக்க ஒரு கைடு!

பூண்டி ஏரி திறந்துவிட்டாங்கன்னு செய்தி வந்தாலே சடையங்குப்பத்துல பீரோவோட கீழ்த்தட்டைக் காலி பண்ண ஆரம்பிச்சிடுவாங்க. கொசஸ்தலை ஆறு பெருகி வந்து, எண்ணூர் முகத்துவாரத்துல கடலுக்குள்ள போக வழியில்லாம ஊருக்குள்ள நிற்கும். நாலு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சிடும். ஆனா, அது கொண்டுவந்த கறுப்பு வண்டல் வாசல்லயும் கொல்லைப்புறத்துலயும் தங்கிடும்.

வண்டல்னா நல்லதுதானே, அதுல கீரை தளதளன்னு வருமேன்னு தாத்தா காலத்துல சொல்லியிருப்பாங்க. அன்னைக்கு அது சரி. இன்னைக்கு அந்த ஆறு எந்தெந்த வழியா வருதுன்னு பார்த்துட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த சடையங்குப்பத்துக்கு ஒரு பக்கம் மணலி ஆலைகள், இன்னொரு பக்கம் எண்ணூர் கழிமுகம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் நாடு முழுக்கத் தொழிற்பகுதிகளில் காற்று, நீர், நிலம் மூன்றையும் சேர்த்து மதிப்பெண் போட்டது. 70-ஐத் தாண்டினால் 'கடுமையாக மாசுபட்ட பகுதி'. மணலி வாங்கியது 76.32. எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து ஓடியதை நீங்க வீடியோவில் பார்த்திருப்பீங்க.

சரி, இதுக்கும் உங்க கொல்லையில இருக்கிற முளைக்கீரைக்கும் என்ன சம்பந்தம்?

கன உலோகம்னா என்ன?

ஈயம், காட்மியம், பாதரசம், குரோமியம், நிக்கல் போன்றவற்றைக் கன உலோகங்கள் என்கிறோம். ஆர்சனிக் முழு உலோகம் இல்லை என்றாலும், அதே குணம் என்பதால் இந்தப் பட்டியலில்தான் வரும். குப்பையும் எண்ணெயும்கூட காலப்போக்கில் மக்கும், சிதையும். உலோகம் அப்படியில்லை. அது ஒரு தனிமம், அதைச் சிதைத்து வேறொன்றாக்க எந்த நுண்ணுயிராலும் முடியாது. இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-லேயே நிறுத்தப்பட்டது. ஆனா, அந்தக் காலத்துப் புகையில் வந்த ஈயம் பழைய சாலையோர மண்ணில் இன்னமும் இருக்கும்.

ஆலைக்கழிவு, நிலக்கரிச் சாம்பல், பழைய பேட்டரி உடைக்கும் இடம், ஒயரை எரித்துச் செம்பு எடுக்கும் இடம், பழைய பெயின்ட் எனப் பல வழிகளில் இது மண்ணுக்கு வரும். பாஸ்பேட் உரத்தில்கூடக் கொஞ்சம் காட்மியம் உண்டு.

அதிகமா இருந்தா என்ன ஆகும்?

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை விவசாயிகளுக்கு எலும்பு நொறுங்கி, வலியால் துடிக்கும் ஒரு நோய் வந்தது. மேலே இருந்த சுரங்கத்தின் காட்மியம் ஆற்றில் கலந்து, வயலுக்குப் பாய்ந்து, அரிசி வழியே உடம்புக்குள் போனதுதான் காரணம் என்று 1968-ல் அந்த நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. 'இதாய் இதாய்' என்பது அந்த நோயின் பெயர். 'வலிக்குது வலிக்குது' என்று அர்த்தம்.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ரத்தத்தில் இவ்வளவு வரை இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

மண் வள அட்டை இருக்கே, போதாதா?

போதாது. 2015-ல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் 12 விஷயங்களைச் சோதிக்கிறார்கள். தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச் சத்து. பயிருக்கு என்ன சத்து குறையுது என்று சொல்வதுதான் அந்த அட்டையின் வேலை. அதைச் சரியாகவே செய்யுது. ஆனா ஈயமோ காட்மியமோ அந்தப் பட்டியலில் இல்லை. 12-க்கு 12 நல்லா வந்த மண்ணிலும் ஈயம் இருக்கலாம். அதைத் தெரிஞ்சுக்கணும்னா தனியாக் கேட்டுத்தான் சோதிக்கணும்.

மண்ணை எப்படி எடுக்கணும்?

* ஒரே இடத்தில் ஒரு கைப்பிடி அள்ளாதீங்க. சின்னத் தோட்டம்னா 5 இடம், ஒரு ஏக்கர் வயல்னா 10 முதல் 15 இடம், குறுக்கும் நெடுக்குமா நடந்து எடுங்க.
* மேலே கிடக்கும் சருகை ஒதுக்கிட்டு, அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவத்தில் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுக்கணும். துருப்பிடித்த மண்வெட்டியும் பெயின்ட் அடித்த வாளியும் வேண்டாம். மரக்குச்சி, பிளாஸ்டிக் கரண்டி, எவர்சில்வர் கரண்டி ஓகே.
* எல்லாத்தையும் சுத்தமான பிளாஸ்டிக் ஷீட்டில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து, எதிரெதிர் ரெண்டு பங்கைத் தள்ளிடுங்க. அரைக் கிலோ மிஞ்சும்வரை இதையே செய்ங்க. நிழலில் உலர்த்திப் பையில் போட்டு, இடம், ஆழம், தேதி எழுதுங்க.
* வெள்ளம் விட்டுப்போன வண்டலைத் தனிப் பையில் எடுங்க. குழந்தைகள் விளையாடும் இடத்தில் மேல்மண்ணை மட்டும் தனியா எடுங்க.
* முக்கியமா, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மாதிரி வேணும். அதே வகை மண், ஆனா வெள்ளமும் கழிவும் தொடாத மேடான இடம். இது இல்லாம வரும் ரிசல்ட் வெறும் நம்பர்தான்.

என்.ஏ.பி.எல் அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் 'மொத்த ஈயம், காட்மியம், குரோமியம், நிக்கல், ஆர்சனிக், பாதரசம் பாருங்க' என்று பெயர் சொல்லிக் கேளுங்க. மண்ணை அமிலத்தில் கரைத்து, ஐ.சி.பி-எம்.எஸ் அல்லது ஏ.ஏ.எஸ் என்ற கருவியில் அளப்பாங்க. பாதரசம் சூட்டில் ஆவியாகிவிடும் என்பதால், மாதிரியை எப்படிக் கொண்டு வரணும்னு முன்னாடியே கேட்டுக்கோங்க.

ரிசல்ட்டை எப்படிப் படிக்கணும்?

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். உங்க மண்ணில் ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் ஈயம்னு வெச்சுக்குவோம். மாசுபடாத ஒப்பீட்டு மண்ணில் 20.

முதல் கேள்வி, இயல்பைவிட எத்தனை மடங்கு? 100-ஐ 20-ஆல் வகுத்தால் 5. இதுக்கு 'மாசுக் காரணி' என்று பெயர். 1-க்குக் கீழே இருந்தால் குறைவு, 3 வரை மிதம், 3 முதல் 6 வரை கணிசம், அதுக்கு மேல் மிக அதிகம். ஆக, உதாரண மண் 'கணிசம்'.

இரண்டாவது கேள்வி, செடிக்குள் போகுமா? இதை மண்ணின் குணம்தான் தீர்மானிக்கும். அமில மண்ணில் ஈயமும் காட்மியமும் எளிதில் கரைந்து வேருக்குப் போகும். மக்கு அதிகமுள்ள களிமண் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கடலோரத்துக்காரங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு இருக்கு. உப்பில் உள்ள குளோரைடு காட்மியத்தோடு சேர்ந்து அதை வேருக்கு நகர்த்திக் கொடுக்கும். அதனால உவர் மண்ணில் குறைந்த காட்மியமும் கவலைக்குரியதே.

மூன்றாவது கேள்வி, உடம்புக்குள் யாருக்கு, எவ்வளவு? ஆபத்தை மதிப்பிடும் கணக்குகளில், கையில் ஒட்டி வாய்க்குப் போகும் மண் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம், பெரியவருக்கு 100 என்று வைத்துக்கொள்வது வழக்கம். எடை முறையே 15 கிலோ, 70 கிலோ. வகுத்துப் பாருங்க. அதே மண்ணிலிருந்து, உடல் எடைக்கு ஏற்ப, குழந்தைக்குப் போகும் ஈயம் பெரியவரைவிட 9 மடங்குக்கு மேல்! 'நாங்க இதே மண்ணுல விளையாடித்தானே வளர்ந்தோம்' என்ற வாதம் இந்தக் கணக்கில் நிற்காது.

நாடுகளின் வரம்புகளும் மாறிக்கிட்டேதான் இருக்கு. அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்கான எச்சரிக்கை அளவு 400 மில்லிகிராமாக இருந்தது, 2024 ஜனவரியில் அதை 200 ஆக்கினாங்க. நேத்து 'பரவாயில்லை' என்று சொன்ன மண் இன்னைக்கு அப்படியில்லை.

அதிகம்னு தெரிஞ்சா தோட்டத்தை விட்டுடணுமா?

எல்லாருக்கும் அவசியமில்லை. எதை வளர்க்கிறோம் என்பதை மாத்தலாம். பொதுவா உலோகம் அதிகம் சேர்வது இலையிலும் வேரிலும்தான், காயில் குறைவு. ஆகவே கீரை, கொத்தமல்லி, முள்ளங்கியைத் தொட்டியில், வெளியிலிருந்து வாங்கிய நல்ல மண்ணில் போடுங்க. தரையில் வெண்டை, அவரை, புடலை போடலாம்.

நிறைய மக்கு சேருங்க. மண் அமிலமா இருந்தா, ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் சுண்ணாம்பு உதவும். ஆர்சனிக் இருந்தால் சுண்ணாம்பு எதிர்விளைவு தரலாம், ரிசல்ட் பார்க்காமல் கொட்டாதீங்க. வெறும் மண் தெரியாதபடி புல்லோ மூடாக்கோ போட்டால் புழுதி குறையும். கீரையை மூணு நாலு தண்ணியில் அலசுங்க. ஒட்டிய மண் போகும், உள்ளே ஏறியது போகாது. குழந்தைக்குச் சாப்பிடும் முன் கை கழுவும் பழக்கம்தான் இருப்பதிலேயே மலிவான பாதுகாப்பு. சந்தேகம் இருந்தால் டாக்டரிடம் கேட்டு ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துடுங்க.

சூரியகாந்தி, கடுகு வளர்த்து உலோகத்தை உறிஞ்ச வைக்கலாம்னு யூடியூபில் பார்த்திருப்பீங்க. முடியும், ஆனா வருஷக்கணக்கில் ஆகும். அந்தச் செடியை ஆட்டுக்குப் போடவோ, உரக்குழியில் தள்ளவோ கூடாது. தள்ளினால் உலோகம் திரும்ப அங்கேயே வந்துடும்.

சுத்தம் செய்ய வேண்டியது யார்?

தொட்டியில் கீரை வளர்ப்பது தற்காப்புதான், தீர்வு இல்லை. ராணிப்பேட்டையில் ஒரு குரோமேட் ஆலை 1990-களில் மூடப்பட்டது. விட்டுப்போன ஒரு லட்சம் டன்னுக்கும் அதிகமான குரோமியக் கழிவு, ஆலை மூடிப் பல வருஷம் கழிச்சும் நிலத்தடி நீரைக் கெடுத்தது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடிய பிறகு, மண்ணில் பாதரசம் எவ்வளவு வரை இருக்கலாம் என்ற வழக்கே வருஷக்கணக்கில் நடந்தது. ரெண்டு இடத்திலும் பேச்சைத் தொடங்கி வைத்தது அளந்து எடுத்த எண்கள்தான்.

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாளத் தனி விதிகளை வெளியிட்டது. மாசுபட்டிருக்கலாம் என்று சந்தேகிக்கும் இடங்களை மாவட்ட நிர்வாகம் பட்டியலிட வேண்டும், மாசு வாரியம் அதை ஆராய வேண்டும், கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்கின்றன அவை.

அந்தப் பட்டியலில் உங்க தெரு தானா ஏறிடாது. தெருவுக்கு நாலு வீட்டுக்காரங்க சேர்ந்தால் ஒரு சோதனைச் செலவைப் பங்கு போட்டுக்கலாம். மாதிரி எடுத்த இடம், தேதி, ஆய்வகச் சான்று மூணையும் இணைத்து, கலெக்டர் அலுவலகத்திலும் மாசு வாரியத்திலும் மனு கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க. அடுத்த மழைக்கு முன்னாடி ஒரு மாதிரி, வெள்ளம் வடிஞ்ச பிறகு இன்னொரு மாதிரி எடுத்தீங்கன்னா, ஆறு உங்க கொல்லைக்கு என்ன கொண்டுவந்துச்சுன்னு அந்த ரெண்டு எண்ணே சொல்லிடும்!