இரண்டு சேலங்களும் ஒரு தளபதியும்

தேடுபொறியில் ஆங்கிலத்தில் 'சேலம் வரலாறு' என்று இட்டுத் தேடும் நம்மூர் மாணவனுக்கு நம் சேலத்தைக் காட்டிலும் அதிகமாகக் கிடைப்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம்தான். அங்கே 1692-இல் நடந்த சூனியக்காரிகள் வழக்கே பக்கம் பக்கமாக விரியும். பெரும்பாலோர் சலிப்புற்று மூடிவிடுவர். மூடாமல் படித்தால் என்ன கிடைக்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அமெரிக்க வரலாற்றைக் கற்கவும் கற்பிக்கவும் இன்று இணையத்தில் உள்ள மூல ஆவணங்கள், சேலம், நாமக்கல் சமவெளியின் வரலாற்றைப் படிக்கும் முறையையும் நமக்குச் சொல்லித் தரக்கூடும்.

முதலில் ஓர் எச்சரிக்கை. அந்தச் சேலத்தின் பழம்பெயர் நாம்கீக். அங்கு வாழ்ந்த தொல்குடியினரின் சொல். இங்கே சேலத்தை அடுத்து நாமக்கல், அங்கே சேலத்துக்கே நாம்கீக்! இவ்வொற்றுமையைக் கண்டவுடன் கடல்கடந்த தமிழர் என்று எழுதத் துணிவோர் உண்டு. ஆனால் 'சேலம்' என்பது 1629-இல் ஆங்கிலக் குடியேறிகள் விவிலியத்திலிருந்து எடுத்து இட்ட பெயர். ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகாது.

அவ்வழக்கில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். விசாரணைக் குறிப்புகளை வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் இணையத் தொகுப்பில் எவரும் வாசிக்கலாம். முதலில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் ஒருத்தி டிட்டுபா என்னும் அடிமைப் பெண். பிற்கால எழுத்துகள் பலவும் அவளை ஆப்பிரிக்கப் பெண்ணாகக் காட்டின. அக்காலத்து ஆவணங்களோ 'இந்தியப் பெண்' என்கின்றன. இங்கே 'இந்திய' என்பது நம்மைக் குறிப்பதன்று. அமெரிக்கக் கண்டத்துத் தொல்குடியினரைக் குறிப்பது. ஒரு சொல்லை அதன் காலத்தில் வைத்துப் படிக்கவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. டிட்டுபா எதையும் எழுதவில்லை. அவள் பேச்சு, விசாரித்தவர்களின் எழுதுகோல் வழியாகவே நம்மிடம் வந்து சேர்கிறது.

இரண்டு சேலங்களுக்கும் இடையே பெயரொற்றுமைதான். ஆனால் அமெரிக்க வரலாற்றுக்கும் நம் சமவெளிக்கும் மெய்யான ஒரு தொடர்பு உண்டு. அதன் பெயர் காரன்வாலிஸ்.

அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் 2013-இல் தொடங்கிய 'ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்' தளத்தில், ஜார்ஜ் வாஷிங்டன் எழுதிய கடிதங்களும் அவருக்கு வந்த கடிதங்களும் உள்ளன. 1781 அக்டோபர் 17-இல், யார்க்டவுனில் முற்றுகையிடப்பட்டிருந்த காரன்வாலிஸ், சரணடைவதன் நிபந்தனைகளைப் பேச 24 மணி நேரம் போர்நிறுத்தம் கேட்டார். வாஷிங்டன் தந்தது 2 மணி நேரம். 19-ஆம் தேதி சரணாகதி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன் 4-ஆம் பிரிவு, ஆங்கிலப் படையிடம் இருக்கும் அமெரிக்கர்களின் 'சொத்து' மீட்கப்படலாம் என்கிறது. விடுதலையை நாடி ஆங்கிலேயர் பக்கம் ஓடிவந்த கறுப்பின அடிமைகளும் அச்சொல்லுக்குள் அடக்கம். ஒரு தேசத்தின் விடுதலைப் பத்திரத்தில், 'சொத்து' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னே மனிதர்கள் மறைந்துபோயினர்.

அமெரிக்கப் பாடத்தில் காரன்வாலிஸின் கதை இவ்விடத்தில் முடிகிறது. நம் பாடத்தில் 1786-இல் கவர்னர் ஜெனரலாகத் தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் குறைவு. அங்கே தோற்ற அதே தளபதிதான் திப்பு சுல்தானை வென்று, 1792 மார்ச்சில் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியே சேலத்தையும் பாராமகாலையும் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தார். 1793-இல் வங்காளத்தில் அவர் நிலைநாட்டிய நிரந்தர வரித்திட்டத்தின் வழிவந்ததே, 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலத்தில் புகுத்தப்பட்ட மிட்டா முறை. நம் பக்கத்துப் பெரியவர்கள் 'மிட்டாதார்' என்று சொல்லும்போது அதற்குள் காரன்வாலிஸின் நிழலும் இருக்கிறது.

அதற்கு முன் இங்கே வேறொரு சோதனை நடந்தது. 1792-இல் அலெக்சாண்டர் ரீட் தலைமையில் தாமஸ் மன்றோ, கிரஹாம், மக்லியோட் ஆகியோர் நிலத்தை அளந்து, குடியானவருடன் நேரே வரியைப் பேசினர். ரயத்துவாரி முறை வளர்ந்தது இந்த மண்ணில்தான். அவர்களுடைய ஆவணங்கள் 'பாராமகால் ரெக்கார்ட்ஸ்' என்ற பெயரில் பிற்காலத்தில் அச்சாயின. லெ ஃபானு எழுதிய சேலம் மாவட்டக் கையேடும் (1883) ரிச்சர்ட்ஸின் கெசட்டியரும் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் கிடைக்கின்றன. தேடுவோர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும்: இன்றைய எழுத்துக்கூட்டல் பயன்படாது. சங்ககிரியை 'சங்கரிதுர்க்' என்றும், திருச்செங்கோட்டை 'திரிச்செங்கோடு' என்றும் ஆங்கில எழுத்துகளில் இட்டால்தான் அகப்படும்.

அகப்பட்டதை எப்படிப் படிப்பது? டிட்டுபாவைப் படித்தது போலத்தான். நிலத்தின் தரம், வரி, விளைச்சல் எல்லாம் நுணுக்கமாக எழுதப்பட்டுள்ளன; ஆனால் எழுதியது வரி வாங்கியவனின் கை. 'ரயத்' என்ற சொல்லுக்குப் பின்னே நிற்கும் ராசிபுரத்துக் குடியானவன் தன் வாயால் பேசுவது அரிது. அவனிடம் கூலிக்கு உழைத்தவன் பேசுவது அதனினும் அரிது.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. யார்க்டவுன் ஒப்பந்தத்தையும் பாராமகால் அறிக்கை ஒன்றையும் வகுப்பில் அருகருகே வைத்து மூன்று கேள்விகள் கேட்கலாம். எழுதியவர் யார்? யாருக்காக எழுதினார்? இதில் பேசாதவர் யார்? மூன்றாவது கேள்விக்கு விடை தேடும் மாணவன், பாடப்புத்தகத்தைத் தாண்டிவிட்டான் என்று பொருள்.

அந்த விடையில் ஒரு பகுதி நம் வீடுகளிலேயே இருக்கக்கூடும். மாசசூசெட்ஸ் சேலத்துச் சாமானியர்கள் கொடுத்த புகார்த் தாள்களை அவர்கள் 300 ஆண்டுகளுக்கு மேலாகப் பேணி வந்ததால்தான் இன்று நாம் இங்கிருந்து வாசிக்கிறோம். நம் வீட்டு டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பட்டாவும் கிரயப் பத்திரமும் கடன் சீட்டும் கறையானுக்குப் போகுமுன் படம் பிடித்து வைக்கப்பட வேண்டும். அமெரிக்க வரலாற்றைத் தேடப் போகும் மாணவனுக்கு இந்த அக்கறை வந்துவிட்டால், அவன் ஊர் மாறித் தேடியது வீண்போகவில்லை.