வாயாங் கூலிட் கிளந்தான்

வாயாங் கூலிட் கிளந்தான் என்பது மலேசியாவின் வடகிழக்கில், தாய்லாந்து எல்லையை ஒட்டிய கிளந்தான் மாநிலத்தில் மலாய்க்காரர்கள் ஆடிவரும் தோல்பாவை நிழற்கூத்து. முன்பு இதற்கு ‘வாயாங் சியாம்’ என்று பெயர். அதை வைத்துச் சயாமியக் கலை என்று முடிவுகட்டிவிட முடியாது. பாவைகளின் கூர்ங்கிரீடம் தாய்லாந்துச் சாயல்தான். பேச்சோ கிளந்தான் வட்டார மலாய், ஆடுபவர்களும் பார்ப்பவர்களும் பெரும்பாலும் முஸ்லிம்கள். கெடா, பெர்லிஸ் பக்கம் வழங்கும் வாயாங் கெடெக், ஜொகூரின் ஜாவானிய வழியினர் ஆடும் வாயாங் பூர்வோ, அரண்மனை ஆதரவில் வளர்ந்து ஏறக்குறைய மறைந்துபோன வாயாங் மெலாயு ஆகியவை தீபகற்பத்தின் பிற வகைகள்.

தரையிலிருந்து உயர்த்திக் கட்டிய சிறு கொட்டகைதான் மேடை. அதன் முன்பக்கத்தை அடைத்துக் கட்டும் வெள்ளைத் திரை ‘கெலிர்’. திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு தொங்கும். அன்று எண்ணெய் விளக்கு, இன்று மின்விளக்கு. திரையடியில் கிடத்திய வாழைத்தண்டில் பாவைகளைக் குத்தி நிறுத்துவார்கள். எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்து, பாவைகளை ஆட்டி, மேளக்காரர்களையும் நடத்திச் செல்பவர் ஒரே ஆள்: தோக் டாலாங்.

பாவைகள் மாட்டுத்தோலால் ஆனவை. தோலைக் காயவைத்துச் சுரண்டி, உளியால் துளையிட்டு, ஒளி ஊடுருவும்படி சாயம் ஏற்றுவார்கள். அதனால் திரையில் விழுவது வெறும் கறுப்பு நிழலன்று, நிறமுள்ள நிழல். ஸ்ரீ ராமா பச்சை. அனுமன் வெள்ளைக் குரங்கு. பெரும்பாலான பாவைகளுக்கு ஒரு கை மட்டுமே அசையும். இரு கைகளும் அசையும் ஜாவாப் பாவைகளிலிருந்து இவற்றைப் பிரித்தறிய இதுவே எளிய அடையாளம்.

கதை தொடங்குமுன் ஒரு முன்னாட்டம் உண்டு. திரை நடுவில் ‘போஹோன் பெரிங்கின்’ என்னும் ஆலமரப் பாவை அசையும். முனிவர் வருவார். பிறகு வில்லேந்திய இரு தேவர்கள் மோதிக்கொள்வார்கள். இந்தப் பகுதியைப் பெரும்பாலும் பயிற்சியிலிருக்கும் இளம் டாலாங்கிடம் விட்டுவிடுவது வழக்கம்.

மூலக்கதை இராமாயணம், அங்கே அதற்கு ‘மகாராஜா வானா’ கதை, அதாவது இராவணன் கதை என்று பெயர். கம்பனில் ஊறிய வாசகருக்கு இதில் அதிர்ச்சிகள் காத்திருக்கின்றன. சீத்தி டேவி என்னும் சீதை, இராவணன் மனைவிக்குப் பிறந்து கடலில் விடப்பட்டவள். அனுமன் ஸ்ரீ ராமாவின் மகன். எழுத்து வடிவில் கிடைக்கும் ‘ஹிக்காயாட் ஸ்ரீ ராமா’வும் இதே போக்குடையது. அதன் தாள் கையெழுத்துப் படி ஒன்று பதினேழாம் நூற்றாண்டு முதல் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. ஆனால் டாலாங் எந்த ஏட்டையும் பார்த்து ஆடுவதில்லை. மூலக்கதையை அடிமரம் என்றும், அதே பாத்திரங்களை வைத்துப் புனைந்த கதைகளைக் கிளை என்றும் சொல்வார்கள். கிளைக் கதைகளில்தான் டாலாங்கின் கைவண்ணம் தெரியும்.

பாக் டோகோல், வாக் லோங் என்னும் கோமாளிகளைக் கண்டால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும். அரசனுக்கு எடுபிடியாக நின்று, ஊர் வம்பையும் அன்றைய அரசியலையும் இழுத்துப்போட்டுக் கிண்டலடிப்பவர்கள் இவர்கள். ஆயினும் டாலாங்குகளின் மரபில், பாக் டோகோல் மண்ணுக்கு இறங்கிவந்த தெய்வமான சாங் யாங் துங்கால். தன் உடல் அழுக்கைத் திரட்டி அவர் படைத்த துணைவனே வாக் லோங். அரசனாகிய ராமனைவிட அவன் வேலைக்காரன் உயர்ந்தவன் என்பதால், கறுத்த பாக் டோகோல் பாவைக்குத் தனி மரியாதை உண்டு. இக்கூத்தை இந்துக் காவியத்தின் எச்சம் என்று மட்டும் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

இசைக்கருவிகளில் ஊதுவது செரூனாய் ஒன்றே. ஓலைச் சீவாளி கொண்ட குழல் அது. கெண்டாங், கெடோம்பாக், கெடுக் ஆகிய தோற்கருவிகளும், தெத்தாவாக் என்னும் தொங்கு சேகண்டிகளும், சானாங் என்னும் சிறு சேகண்டிகளும் தாயும் பிள்ளையுமாக இணை இணையாகவே வரும்; கெசி என்பது கைத்தாளம்.

தொடக்கத்தில் மேடை திறக்கும் சடங்கு நடக்கும். மஞ்சள் சோறு, முட்டை, வெற்றிலை படைத்து ஆவிகளை அழைப்பார்கள். குருவணக்கச் சடங்கில் டாலாங் மீது கதைப் பாத்திரங்களே இறங்குவதும் உண்டு. 1990இல் கிளந்தானில் ஆட்சிக்கு வந்த இஸ்லாமியக் கட்சியான பாஸ், இவை இஸ்லாத்துக்கு ஒவ்வாதவை என்று சொல்லி, மாக் யோங் நடன நாடகத்துடன் சேர்த்து வாயாங்கின் பொது நிகழ்ச்சிகளையும் தடுத்தது. பிறகு சடங்கை விலக்கி, கட்டுப்பாடுகளுடன் ஆட இடம் கிடைத்தது. இக்கலையின் சரிவுக்கு மதக் காரணம்தான் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனால் தொலைக்காட்சியும் திரைப்படமும் கூட்டத்தை அதற்கு முன்பே குறைக்கத் தொடங்கியிருந்தன.

இக்கலையைப் பற்றிய அடிப்படை ஆய்வு அமீன் ஸ்வீனி 1972இல் வெளியிட்ட நூல். தும்பாட் வட்டாரத்து டாலாங் ஹம்சா அவாங் அமாட்டுக்கு 1993இல் நாட்டின் உயரிய கலைஞர் விருது வழங்கப்பட்டது. 2013இல் டாலாங் பாக் டைன், வடிவமைப்பாளர் தின்தோய் சுவோவுடன் சேர்ந்து ‘ஸ்டார் வார்ஸ்’ பாத்திரங்களைக் கிளந்தான் பாணியில் வெட்டித் திரையேற்றினார்.