ஓரிகன் அடுப்பும் பால் மரத் தூளும்

பேராக் மாநிலத்துப் பீடோரில் கோழி வாட்டுகிறவர்கள் பெரும்பாலும் அடுப்புக் கடைக்குப் போவதில்லை. வெல்டிங் பட்டறையில் சொன்னால் போதும். பழைய எண்ணெய் டிரம்மை நெடுக்காக இரண்டாக அறுத்து, நான்கு கால் ஒட்டி, மேலே கம்பி வலை பொருத்திக் கொடுத்துவிடுவார்கள். கரி மளிகைக் கடையிலேயே கிடைக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டு வாசலில் நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள அட்டைப்பெட்டி வந்து இறங்கி, அதற்குள்ளிருந்து பெல்லட் கிரில் வெளிப்பட்டால் அக்கம்பக்கத்தில் முதலில் எழும் கேள்வி, "எவ்வளவு கொடுத்தீங்க?" அடுத்தது, "அடுப்புக்கு எதுக்கு கரண்டு?" மூன்றாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. வாங்கியவரே பல சமயம் அதைக் கேட்டுக்கொள்வதில்லை: "இதுக்கு விறகு எங்கேயிருந்து வரும்?"

கரண்டுக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் விட்டமுள்ள குட்டிக் குச்சி. அடுப்பின் பக்கத்தில் அதற்கென்று தொட்டி. தொட்டியின் அடியில் ஒரு திருகுத் தண்டு. நிமிடத்துக்கு ஓரிரு சுற்று மட்டும் சுற்றும் சின்ன மோட்டார் அதைத் திருப்ப, குச்சிகள் நகர்ந்து போய் நடுவிலுள்ள எரிகிண்ணத்தில் விழும். கிண்ணத்துக்குள் ஒரு சூட்டுக் கம்பி. சுவிட்சைப் போட்டதும் சில நிமிடம் செக்கச்செவேலென்று காய்ந்து முதல் குச்சிகளைப் பற்றவைத்துவிட்டு அது ஓய்ந்துவிடும். விசிறி காற்று ஊதும். நெருப்புக்கு மேலே ஒரு தகடு, அதற்கும் மேலே கொழுப்பு வழிந்தோடச் சாய்வாக இன்னொரு தகடு, அதற்கப்புறம்தான் இறைச்சி. உள்ளேயிருக்கும் வெப்ப உணரி சூட்டை அளந்து சொல்ல, மின்பலகை திருகுத் தண்டை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இருக்கும். நீங்கள் 110 டிகிரி செல்சியஸ் கேட்டால் மணிக்கணக்கில் அதையொட்டியே வைத்திருக்கும்.

ஆக, இதை வாட்டும் அடுப்பு என்பதைவிட விறகில் எரியும் ஓவன் என்பதே பொருத்தம். சாத்தே சுட இது லாயக்கில்லை. குச்சியில் கோத்த சின்னத் துண்டுகளுக்குத் தணலின் சூடு நேராக முகத்தில் அடிக்க வேண்டும். கொழுப்பு கரியில் சொட்டிப் புகைய வேண்டும். ஆட்டுத் தொடை, முழுக்கோழி, வாத்து என்றால் கதை வேறு. மாலை விருந்துக்குக் காலையிலேயே உள்ளே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வரலாம். மின்சாரம் போனால் மட்டும் எல்லாம் நின்றுவிடும்.

இந்த யோசனை சமையலறையில் பிறந்ததல்ல. 1973, 1979 எண்ணெய் நெருக்கடிகளை ஒட்டி, அமெரிக்காவின் வடமேற்கு மர ஆலைகளில் மலையாகக் கிடந்த தூளை எரிபொருளாக்கும் முயற்சி சூடுபிடித்தது. போயிங்கில் வேலை பார்த்த ஜெர்ரி விட்ஃபீல்ட் என்ற பொறியாளர் 1980களில் வீட்டைச் சூடேற்றும் பெல்லட் கணப்பை உருவாக்கினார். ஓரிகன் மாநிலத்து மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் வீடுகளுக்கு வெப்பச் சாதனம் அமைத்துத் தரும் தொழில் செய்த ஜோ டிரேகர், அதே சூட்சுமத்தை 1985இல் சமையல் அடுப்பு ஒன்றுக்குள் வைத்துப் பார்த்தார். காப்புரிமையும் வாங்கினார். 2006 வரை இந்தத் தொழிலில் டிரேகர் வைத்ததுதான் சட்டம்.

2006இல் காப்புரிமை காலாவதியானது. குடும்பமும் அதே ஆண்டு நிறுவனத்தை விற்றுவிட்டது. "எவ்வளவு?" என்ற கேள்விக்கான விடை அங்கே தொடங்குகிறது. பிட் பாஸ், இசட் கிரில்ஸ் என்று புதுப்புதுப் பெயர்கள் கிளம்பின. உற்பத்தி சீனாவுக்கு நகர்ந்தது, டிரேகரே போனது. பிற பிராண்டுகளுக்குச் செய்து கொடுத்துவந்த ஆலைகள் கொஞ்ச காலத்தில் தம் பெயரிலேயே விற்கத் துணிந்தன. அமெரிக்காவில் ஆயிரம் டாலருக்கு விற்ற வகை அடுப்பு முந்நூறு, நானூறு டாலருக்கு இறங்கியது இப்படித்தான். நியூயார்க் பங்குச் சந்தையில் 2021இல் பட்டியலான டிரேகர் இன்றும் விலை உயர்ந்த பக்கத்தில் நிற்கிறது. நடுவாந்தரக் குடும்பம் வாங்குவது மற்றவற்றைத்தான்.

செய்முறையில் மாயம் எதுவுமில்லை. உருக்குத் தகட்டை லேசரால் வெட்டி, அழுத்தியில் மடித்து, உருளையாக வளைத்துப் பற்றவைப்பார்கள். அதன்மேல் சூடு தாங்கும் பொடியை மின்னூட்டத்தால் படியவைத்துச் சூளையில் வேகவைத்தால் அந்தக் கறுப்புப் பூச்சு வந்துவிடும். உள்ளே வைக்கும் கிராதி வார்ப்பிரும்பு அல்லது எனாமல் பூசிய இரும்பு. திருகுத் தண்டு, கியர் மோட்டார், விசிறி, சூட்டுக் கம்பி, மின்பலகை எல்லாம் தனித்தனிப் பட்டறைகளிலிருந்து வருபவை. காலும் சக்கரமும் பக்கத் தட்டும் பூட்டப்படாமல் பெட்டிக்குள் போகும். பூட்டுகிற கூலி வாங்குகிறவர் தலையில். கப்பல் வாடகை பெட்டியின் பருமனைப் பார்த்து வருவதால், அடுப்பு சிறுத்து மடங்கிப் போவதில் ஆலைக்கு இரட்டை லாபம்.

மலிவான அடுப்பில் காசு எங்கே மிச்சமாகிறது என்று பார்த்தால், முதலில் தகட்டின் கனம். மெல்லிய தகடு காற்றிலும் மழையிலும் சூட்டை விட்டுவிடும், கூடுதல் பெல்லட் தின்னும். குளிர் நாட்டில் அது பெரிய குறை. பீடோரின் வெயிலில் அவ்வளவு இல்லை. நமக்குத் தொல்லை துரு. எரிகிண்ணம் துருவேறா எஃகா, சாதா இரும்பா என்று கேட்பது மூடியில் ஒட்டிய பளபளப்பு முத்திரையைப் பார்ப்பதைவிட முக்கியம். அடுத்தது மின்பலகை. விலை கூடியவற்றில் பி.ஐ.டி. என்னும் கணக்குமுறை சூட்டை நூல் பிடித்தாற்போல் வைத்திருக்கும். மலிவானவை இத்தனை விநாடி தள்ளு, இத்தனை விநாடி நில் என்ற பழைய முறையில் ஓடும். சூடு ஏறி இறங்கும். வேடிக்கை என்னவென்றால், அப்படி ஏறி இறங்கும்போதுதான் புகை கூடுதலாக வரும். பெல்லட் அடுப்பில் புகை மணம் போதவில்லை என்று குறைப்படுகிறவர்கள் அதிகம். அந்தக் குறை மலிவான அடுப்பில் சற்றுக் குறைவு. இதற்காகவே நான் மலிவான பக்கம் சாய்கிறேன்.

ஆனால் ஒன்றில் மலிவு பார்க்கக் கூடாது. அமெரிக்காவில் விற்க வைத்திருந்ததை இணையத்தில் சல்லிசாகக் கண்டு தருவிப்பவர்கள் உண்டு. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. நம் வீட்டுச் சுவரில் வருவதோ 230, 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தம் இரட்டித்தால் சூட்டுக் கம்பி நான்கு மடங்கு மின்திறனை இழுக்கும். முதல் நாளே கருகிவிடும். மின்மாற்றி வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. மாறுமின்னோட்டத்தில் ஓடும் மோட்டார் மெதுவாகச் சுற்றும், குச்சி குறைவாக விழும், சூடு கணக்கு தப்பும். ஒட்டுத்தாளில் 220–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதையெல்லாம் பார்க்கலாம்.

பெட்டி கிள்ளான் துறைமுகத்தில் இறங்கி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறி, பீடோர் சாவடியில் வெளியேறுகிறது. அடுப்பின் பயணம் அவ்வளவுதான். அதன் வாயில் போடுவதன் பயணம் இதைவிட நீளம்.

பேராக்கில் எரிபொருளுக்குப் பஞ்சமிருந்ததில்லை. தைப்பிங் பக்கம் மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டர். நூறாண்டுக்கு மேலாக முறைவைத்து வெட்டி நட்டுவருகிறார்கள். ஒரு மரத்துக்கு முப்பது ஆண்டுச் சுற்று. கோல செப்பேத்தாங்கின் குவிமாடச் சூளைகளில் அந்த பாக்காவ் மரம் ஒரு மாதம் போல வெந்து கரியாகிறது. பாகான் டத்தோ பக்கம் தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. ஆனால் பெல்லட்டுக்குத் தூள் வேண்டும், அதுவும் டன் கணக்கில். மலேசியாவில் அப்படிக் கிடைக்கும் மரத்தூளில் கணிசமான பங்கு பால் மரத்துடையது, அதாவது ரப்பர் மரத்துடையது.

1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போக, 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கோல கங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வளாகத்தில் ஊன்றப்பட்டன. அதில் ஒரு மரம் இன்றைக்கும் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அதற்கப்புறம் நடந்தது நம் குடும்பக் கதை. தோட்டங்கள் வந்தன, தோட்டங்களுக்கு நம்மவர்கள் வந்தார்கள். தாப்பாவிலிருந்து சுங்கை வரை பழைய நெடுஞ்சாலையின் இரு பக்கமும் விடிகாலையில் பால் வெட்டப் போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இணையத்தில் அடுப்பு வாங்குகிறார்கள். தோட்டம் இருந்த இடங்களில் பெரும்பாலும் செம்பனை.

பால் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டில் பால் வற்றும். வெட்டித் தள்ளிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரம் அந்தக் காலத்தில் வெறும் விறகு. அந்த விறகுக்குத் தோட்டத்திலேயே ஒரு வேலை இருந்தது: புகைக்கூடம். பாலை வடிகட்டித் தண்ணீர் கலந்து, பார்மிக் அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் கொடுத்து வரிவரியான ஷீட்டாக்கி, கழிகளில் தொங்கவிட்டு, கீழே ரப்பர் விறகை எரித்து நாலைந்து நாள் புகை போடுவார்கள். முதலில் மிதமான சூடு, பிறகு மெல்ல ஏற்றி 60 டிகிரிக்குப் பக்கம். கூடினால் ஷீட்டில் கொப்புளம் எழும். குறைந்தால் உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பூக்கும். ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் கண்ணால் பார்த்தே ஒன்றாம் தரம், இரண்டாம் தரம் என்று பிரிப்பார்கள். தரம் இறங்கினால் விலை இறங்கும். அந்தப் பொறுப்பைச் சுமந்தவர் இரவில் எழுந்து விறகு தள்ளி, காற்றுக் கதவைத் திறந்து மூடி, நாள்கணக்கில் ஒரே சூட்டைக் காத்தவர். பெல்லட் கிரில் தன் மின்பலகையைக் கொண்டு செய்வதும் இதே காரியம்தான், இன்னும் சற்று உயர்ந்த சூட்டில். 1965இல் தரப்படுத்திய கட்டி ரப்பர் அறிமுகமான பிறகு புகைக்கூடங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அந்தச் சூட்டைக் காத்தவரை யாரும் கைவினைஞர் என்று சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. தோட்டக் கணக்கில் அவர் நாள்கூலி.

1980களில் பால் மரத்துக்கு மறுபிறவி கிடைத்தது. வெளிர் நிறம், இழைக்கச் சுலபம் என்று தளவாடக்காரர்கள் கையிலெடுத்தார்கள். ஜொகூரின் மூவார் அதனால் தளவாட ஊரானது. ரம்பம் போகும் இடமெல்லாம் தூள். அதைக் காயவைத்து, நொறுக்கி, 6 மில்லிமீட்டர் துளைகளுள்ள எஃகு அச்சில் முறுக்கு பிழிவதுபோல் பிழிந்தால் பெல்லட். பசை எதுவும் வேண்டாம். அழுத்தத்தின் உராய்வில் எழும் சூட்டுக்கு மரத்திலுள்ள லிக்னின் இளகி, ஆறும்போது தானே கெட்டிப்பட்டுவிடும். நல்ல பெல்லட்டில் ஈரம் பத்து சதவீதத்துக்குள்தான். மலேசியாவில் பிழியும் பெல்லட்டின் பெரிய வாடிக்கையாளர்கள் தென்கொரியாவும் ஜப்பானும். அங்கே மின்நிலையங்களில் எரிகிறது.

அப்படியானால் உள்ளூர் மூட்டையை வாங்கி நம் அடுப்பில் போட்டால் என்ன? விலை நன்றாகத்தான் இருக்கும். இங்கேதான் நிற்க வேண்டும்.

பால் மரத்தில் சர்க்கரையும் மாவுச்சத்தும் அதிகம். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைக்கும். ஆகவே பலகையாக அறுத்த கையோடு இரும்புத் தொட்டிக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சிவிட்டு, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த நீரை அழுத்தத்தோடு உள்ளே ஏற்றுவார்கள். நாற்காலிக்கு அது நல்லது. ஆனால் மீயிலும் மீன் உருண்டையிலும் போரிக் அமிலம் கலக்கக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் நாடு இது. தளவாட ஆலைத் தூளில் அந்த மருந்தோடு பசையும் சேர்ந்திருக்கலாம். பெல்லட் அடுப்பிலோ விசிறி ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கிறது. நுண்சாம்பல் கிளம்பி இறைச்சியின் மேலேயும் படியும். மின்நிலையக் கொதிகலனுக்குப் பிழிந்ததைச் சோற்றுத் தட்டுக்குக் கொண்டுவரக் கூடாது.

மரத்தின் மேல் குற்றமில்லை. மருந்து படாத ரப்பர் விறகில் லெமாங் சுடுகிறவர்கள் உண்டு. தோட்டத்து லயங்களில் அந்த விறகில்தான் சோறு பொங்கியது. பலகை ஆலையில் முதல் ரம்பம் ஓடும்போது விழும் பச்சைத் தூளிலும் மருந்து இராது, ஏனென்றால் மருந்துத் தொட்டி அதற்கடுத்த கட்டம். அதைத் தனியே அள்ளிப் பிழிந்தால் சமையலுக்கு ஆகும் பால் மரப் பெல்லட் கிடைக்கத்தான் வேண்டும். இடைஞ்சல் ஈரம். பச்சைத் தூளின் எடையில் பாதிபோலத் தண்ணீர். அதைக் காயவைக்கவே எரிபொருள் செலவாகும். தளவாட ஆலைத் தூளோ ஏற்கெனவே காய்ந்த மரத்திலிருந்து வருவது. கப்பல் கப்பலாகக் கேட்கும் மின்நிலையம் ஒரு பக்கமும், மாதம் ஒரு மூட்டை கேட்கும் பீடோர் வீடு இன்னொரு பக்கமும் இருந்தால் ஆலைக்காரர் எந்தத் தூளை அள்ளுவார் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் இப்போதைக்கு, சமையலுக்கென்று எழுதிய ஓக், ஹிக்கரி, ஆப்பிள் மரத்துப் பைகளைத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மிதமான சூட்டில் மணிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக எரியும். சூட்டைக் கூட்டினால் இரு மடங்குக்கு மேல். அடுப்பு வாங்கும்போதே ஓராண்டு பெல்லட் செலவையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது நல்லது. பையைப் பிரித்தால் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பீப்பாயில் கொட்டிவிட வேண்டும். நம் காற்றின் ஈரம் பட்டால் குச்சி ஊதி உதிர்ந்து மறுபடி தூளாகிவிடும். அது திருகுத் தண்டில் இறுகினால் தண்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். சமைத்து முடித்ததும் பிளக்கைப் பிடுங்காமல், விசிறி தானாக நிற்கும்வரை விட்டுவிட்டு, தொட்டியில் மிஞ்சியதை அன்றைக்கே எடுத்துப் பீப்பாயில் போட்டுவிடுங்கள்.