புகை கண்ட இடம்

ஓரிரவு இருக்கை என்பதே ஓரிக்கை ஆயிற்று என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். ஆழ்வாரைத் தொடர்ந்து காஞ்சியை விட்டுப் புறப்பட்ட பெருமாள் ஒரு ராத்திரி இங்கே தங்கினாராம். ஆகவே, பெயரைக் கிளறினால் கதை வரும் என்பதில் எங்கள் ஊராருக்கு நம்பிக்கை அதிகம்.

சென்ற ஆடியில் பக்கத்து வீட்டுப் பெரியவர் பேரப் பிள்ளைகளுடன் ஒகேனக்கல் போய் வந்தார். ஆயுள் முழுவதும் பட்டுத் தறியில் உட்கார்ந்தவர். வந்ததும் வராததுமாக என்னைக் கேட்டார்:

“தம்பி, ஒகேனக்கல்லுன்னா கன்னடத்திலே புகையற கல்லாமே? புகை இருந்தா அடியிலே நெருப்பு இருக்கணுமே. அங்கே எரிமலை ஏதாவது உண்டா?”

நான் சிரித்துவிட்டேன். “அது புகை இல்லை ஐயா, காவிரித் தண்ணீர் பாறையில் விழுந்து தூளாய்ப் பறக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் புகை மாதிரி இருக்கும்” என்றேன்.

சிரித்தேனே தவிர, உள்ளூரக் கொஞ்சம் உறுத்தியது. மலையில் புகையைக் கண்டு நெருப்பை அறிவதுதான் நம் தர்க்க சாஸ்திரத்தின் அரிச்சுவடி. அந்தச் சாஸ்திரம் வளர்ந்த ஊர்களில் காஞ்சியும் ஒன்று. பௌத்த தர்க்கத்துக்கு அடித்தளம் போட்ட திங்நாகர் காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்பது திபெத்திய மரபு. மணிமேகலை அறவண அடிகளிடம் தர்க்கம் கேட்டதும் காஞ்சியில்தான். ஆவியா, பனியா, புகையா என்று தெளியாமலே நெருப்பு உண்டென்று முடிவு கட்டுவது பிழை என்பதும் அந்தக் காவியத்திலேயே இருக்கிறது. ஆகப் பெரியவர் கட்சி தோற்றது என்றுதான் நினைத்தேன்.

வெள்ளம் தணிந்த பிறகு நானும் ஒகேனக்கல் போனேன். பரிசலில் ஏறிப் பாறைச் சுவர்களுக்கு நடுவே சென்றேன். முன்காலத்தில் மூங்கில் கூடைக்குத் தோல் போர்த்துவார்கள். இன்று பிளாஸ்டிக் விரிப்பு. கரையில் வெளுத்த பட்டையுடன் நீர்மருதுகள் வேரை ஆற்றில் விட்டு நின்றன. சற்று மேலே ஏறினால் மூங்கிலும் முள்ளுமான வறண்ட காடு. தண்ணீருக்கு இத்தனை அருகில் இத்தனை வறட்சி! ஆனால் அங்கே நினைத்தபடி நடந்துவிட முடியாது. அது யானைகளின் வழி. அந்த மலைக்காடுகளில் பெரும் பகுதி 2022-ல் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

திரும்பி வந்து நிலவியல் நூல்களைப் புரட்டினேன். அங்கேதான் என் சிரிப்பு அடங்கியது. ஒகேனக்கல் வட்டாரத்துப் பழம்பாறைகளின் விரிசல்களில் கார்பனடைட் என்ற கல் புகுந்து கிடக்கிறது. பார்வைக்குச் சுண்ணாம்புக்கல்லின் உறவு. ஆனால் கடலடியில் படிந்ததல்ல. பூமிக்குள் உருகிக் குழம்பாக ஏறி, வழியிலேயே உறைந்தது. இப்படிப்பட்ட கல் உருகி ஓடுமா என்று விஞ்ஞானிகளே வெகுகாலம் சந்தேகப்பட்டார்கள். தான்ஸானியாவில் ஓல்டோய்ன்யோ லெங்காய் என்ற எரிமலை கார்பனேட் குழம்பைக் கக்குவதை 1960-ல் நேரில் கண்ட பிறகுதான் அந்தச் சந்தேகம் தளர்ந்தது. அநுமானத்தைப் பிரத்தியட்சம் காப்பாற்றியது. ஒகேனக்கல் கல்லுக்கு வயது சுமார் 240 கோடி வருஷம் என்று 1998-ல் வெளியான ஆராய்ச்சி சொல்கிறது.

ஆக, நெருப்பு இருந்தது! அருவியை உண்டாக்கியது அதுவல்ல. பாறையை அறுத்து இறங்கியது ஆறுதான். புகை போல் பறப்பதும் தண்ணீர்தான். ஆனாலும், புகையே இல்லாத இடத்தில் புகையைக் கண்டவர், என்றோ அவிந்துபோன நெருப்பைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

பெரியவரிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

“அப்போ நான் சொன்னது சரிதானே?”

“முடிவு சரி ஐயா. காரணம்தான் தப்பு.”

அவர் சற்று நேரம் பாவு நூலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, “இழை மாறிப் போட்டும் பூ சரியா விழுந்திருக்குன்னு சொல்றே. அதுக்கு சந்தோஷப்படக் கூடாது, தம்பி. அடுத்த பூவிலே மாட்டிக்குவோம்” என்றார்.

திங்நாகர் பிறந்த சீமை அல்லவா!