தோலுக்குத் துவர்ப்பு தந்த தோட்டங்கள்



வேட்டைக்குப் போகிறவர் தோளில் ஒரு தோல் பை தொங்கும். தோட்டாவும் அதில்தான், சுட்டு வீழ்த்திய பறவையும் அதில்தான். மழையையும் சதுப்பு நிலத்தின் ஈரத்தையும் அந்தப் பை தாங்கியாக வேண்டும். ஆனால் பச்சைத் தோலுக்கு அந்தக் குணம் கிடையாது. உரித்தபடியே விட்டால் சில நாளில் அழுகிவிடும். வெயிலில் உலர்த்தினால் பலகைபோல் விறைத்துக்கொள்ளும். மறுபடி நனைந்தால் ஊறி அழுகத் தொடங்கும். அதை நீர் தாங்கும் பொருளாக மாற்றியது எது? அந்த வேலையில் நம் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளிக்கு என்ன பங்கு? இவ்விரண்டையும் இன்று பார்ப்போம்.

தோலுக்கு இரண்டு காரியங்கள் செய்ய வேண்டும். முதலாவது பதனிடுதல். தோல் என்பது நுண்ணிய நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பொருள். சில மரப்பட்டைகளிலும் காய்களிலும் இலைகளிலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அதை டானின் என்கிறார்கள். அந்தச் சாற்றில் தோலை ஊறவைத்தால் துவர்ப்பு நாருக்குள் ஏறி அதைப் பற்றிக்கொள்ளும். பிறகு தோல் எளிதில் அழுகாது.

இரண்டாவது எண்ணெய் ஊட்டுதல். பதனிட்ட தோலில் கொழுப்பு ஏறினால்தான் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வளைந்து கொடுக்கும். நீரும் சட்டென்று உள்ளே புகாது. மேல்நாட்டு வேட்டைக்காரர்கள் மாட்டுக் கொழுப்பையும் எண்ணெயையும் கலந்து பைக்கும் காலணிக்கும் பூசினார்கள். தேன்மெழுகும் சேர்ப்பதுண்டு. இன்றும் தோல் பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதே முறைதான். நனைந்த பையை அடுப்பருகிலோ வெயிலிலோ காய வைக்கக் கூடாது. ஈரத்தைத் துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விட்டு, நன்றாக உலர்ந்த பிறகு சிறிதளவு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்க்க வேண்டும். அதிகம் பூசினால் தோல் தொய்ந்துவிடும். நம்மைப் போன்ற மழை நாட்டில் பெட்டிக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

நம் முன்னோர் ஊரிலும் இந்த அறிவு இருந்தது. தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் துவர்ப்புக்கு. புங்க எண்ணெய் மென்மைக்கு. ஆம்பூர், வாணியம்பாடி, திண்டுக்கல் முதலிய ஊர்களில் இந்தத் தொழில் வளர்ந்தது. கவலை ஏற்றத்தில் கிணற்று நீரை இறைத்த தோல் சாலைப் பெரியவர்கள் சிலர் பார்த்திருக்கலாம். நாள்தோறும் நீரில் மூழ்கி எழுவது அதன் வேலை.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். அங்கே மாடு என்றதும் சிராங்கூன் சாலைதான் நினைவுக்கு வரும். ரோச்சோர் ஆற்றங்கரையின் தாழ்ந்த நிலத்தில் நீரும் புல்லும் இருந்ததால் மாட்டுத் தொழுவங்கள் அங்கே பெருகின. கண்டாங் கெர்பாவ் என்ற மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்பதே பொருள். எருமைச் சாலை என்ற பெயரும், மாட்டு வியாபாரியின் பெயர் தாங்கிய பெலிலியோஸ் சாலையும் இன்றும் இருக்கின்றன. ஆனால் தோல் தொழிலுக்குச் சிங்கப்பூர் அனுப்பிய பெரிய சரக்கு ஓர் இலையிலிருந்து வந்தது.

அதுதான் கம்பீர் என்னும் செடி. வெற்றிலையோடு சேர்த்து மெல்லும் வழக்கம் மலாய் நாட்டில் உண்டு. காசுக்கட்டியைப் போன்ற துவர்ப்பு. 1819 இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோதே தீவில் சில கம்பீர்த் தோட்டங்கள் இருந்தன. 1830களில் இங்கிலாந்தின் தோல் பதனிடுவோரும் சாயத் தொழிலாளரும் கம்பீரை விரும்பி வாங்கத் தொடங்கினார்கள். ஓக் மரப்பட்டையில் கனத்த தோல் பதமாக ஓராண்டுக்கு மேலும் ஆகும். கம்பீர் விரைவாக உள்ளே ஏறும், தோலையும் மென்மையாக்கும்.

சியா யூ சின் என்ற சீன வணிகர் 1835 முதல் பெரிய அளவில் கம்பீர் பயிரிட்டார். அவருடைய நிலம் ரிவர் வேலி சாலையிலிருந்து புக்கித் தீமா, தாம்சன் சாலைகள் வரை பல மைல் பரந்து கிடந்தது. 1840களின் இறுதியில் தீவில் சுமார் 600 கம்பீர், மிளகுத் தோட்டங்கள் இருந்தன. சுமார் 6,000 சீனத் தொழிலாளர்கள் அவற்றில் உழைத்தார்கள்.

வேலை எப்படி இருந்தது? இலையையும் இளங்கிளையையும் வெட்டி, பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்கில் கொதிக்க வைப்பார்கள். சாறு பாகுபோல் இறுகியதும் தொட்டியில் ஊற்றிக் கட்டையால் கிண்டுவார்கள். களிமண் பதம் வந்ததும் சிறு கட்டிகளாக அறுத்து உலர்த்துவார்கள். வெந்த இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டுமே! காடு வெட்ட வெட்டக் கரைந்தது. பதினைந்து இருபது ஆண்டுகளில் மண்ணும் களைத்துப் போனது. தோட்டக்காரர்கள் அந்த நிலத்தை விட்டுவிட்டு வேறு காடு தேடினார்கள். பலர் ஜொகூருக்குப் போனார்கள்.

காட்டோரத்தில் வேலை செய்தவர்களைப் புலி பிடித்தது. நாளுக்கு ஒருவர் சாகிறார் என்று அந்தக் காலத்தில் பேசிக்கொண்டார்கள். புலியை ஒழிக்க அரசாங்கம் பரிசுப் பணம் அறிவித்தது. இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளில் சிலரையும் புலி வேட்டைக்கு அனுப்பியது. இங்கிலாந்தில் ஒரு சீமான் பொழுதுபோக்குக்காக வேட்டைப் பை மாட்டிக்கொண்டான். அந்தத் தோலுக்குத் துவர்ப்பு காய்ச்சிய நாட்டில் தொழிலாளியின் உயிர் காக்கவே வேட்டை நடந்தது.

பிறகு காலம் மாறியது. 1884 இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் என்பவர் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வாரக்கணக்கில் நடந்த வேலை மிக விரைவில் முடிந்தது; அந்தத் தோல் நீரையும் நன்றாகத் தாங்கியது. சென்னையில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1903 அளவில் இதைச் சோதித்து, கவலை ஏற்றத்துத் தோலுக்கு இது ஏற்றது என்று கண்டார். சென்னையை அடுத்த குரோம்பேட்டைக்குக் குரோம் தோல் ஆலையால்தான் அந்தப் பெயர் வந்தது.

இன்னொரு போட்டி நமக்கு நன்றாகத் தெரிந்த பால்மரம். 1877 இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்தன. பூங்காவின் தலைவர் ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் வெட்டும் முறையைக் கண்டறிந்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பீர் நின்ற பல இடங்களில் ரப்பர் நின்றது. மழைச் சட்டைக்கும் நீர் புகாத காலணிக்கும் தோலைவிட ரப்பர் எளிதாயிற்று. அந்தப் பாலை வெட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்.

இன்று ரப்பர் நின்ற பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. ஒரு பயிர் ஓங்கும். உலகச் சந்தை திரும்பினால் சாயும். முதலாளி வேறு பயிருக்கு மாறிக்கொள்வார். தொழிலாளி குடும்பத்துக்கு மாற வழி வேண்டுமானால் கல்வியும் கைத்தொழிலும் கையில் இருக்க வேண்டும். கம்பீர்த் தோட்டங்கள் கற்பிக்கும் முதல் பாடம் இது.

இரண்டாவது பாடமும் உண்டு. சியா யூ சின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்று ஆற்றோரக் குடியிருப்புகளின் பழைய தலைவர்களுடைய குலப்பெயர்கள் சிங்கப்பூரில் ஊர்ப்பெயர்களாக வாழ்கின்றன. கொப்பரையருகே நின்ற ஆறாயிரம் பேரில் பெரும்பாலோர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. நம் குடும்பத்துக்கு அந்த நிலை வேண்டாம். பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் பெரியவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தோட்டத்தில் எந்த ஆண்டு என்ன வேலை பார்த்தார் என்று கேளுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அதுவும் வரலாறுதான்.